எழுதிக் கொடுங்கள்

பாம்பனில் கடலுக்குப் போகக் கூடாது என்றால் கூண்டு ஏற்றுவார்கள். 1ஆம் எண் ஏறினால் தூரத்தில் எங்கோ புயல் உருவாகக்கூடும். 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றும் ஒன்று இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி எங்களுக்கும் ஒன்றும் தெரியாது என்று அதற்கு அர்த்தம். யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ‘தெரியாது’ என்பதற்குக்கூட ஒரு எண் வைத்து, அதையும் கம்பத்தில் ஏற்றி, கரையில் நிற்கிற எல்லோருக்கும் காட்டுகிற ஏற்பாடு.

என் தாய்மாமன் முப்பது வருடம் அந்தக் கம்பத்தைப் பார்த்துத் தொழிலுக்குப் போனவர். விசைப்படகில் டிரைவர். ஒரு கால் போன பிறகு அவர் அரசாங்கத்திடம் மாதம் 1500 ரூபாய் கேட்டார். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றார்கள். எந்தக் கூண்டும் ஏறவில்லை. ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்பது ஒரு பக்கம். இல்லை என்று சொன்னதற்கே எங்கும் ஒரு தடயம் கிடையாது என்பதுதான் எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது.

அரசு எல்லோருக்கும் எல்லாம் கொடுக்க முடியாது. தகுதி என்று ஒன்று வைப்பார்கள், அதற்குக் கீழே இருப்பவருக்கு இல்லை என்பார்கள். அதோடு எனக்குச் சண்டை உண்டு, ஆனால் அது வேறு சண்டை. இங்கே நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். என்ன காரணம் என்று எழுதுங்கள். யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதுங்கள். இந்த மூன்று வரியை எழுதாத வரைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்காக இந்த நாட்டில் போடப்பட்ட சட்டங்கள் அத்தனையும் சுவரில் மாட்டிய காலண்டர்தான்.

*

மாமாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு குமாஸ்தா கெட்டவர் என்ற கதையாக இது முடிந்துபோகும். கெட்டவர் யாரும் இதில் இல்லை. அதுதான் பிரச்சினையே.

வலை இழுக்கும் வின்ச்சின் கம்பிக்கயிறு இடது காலைச் சுற்றி இறுக்கியது. கரைக்கு வந்து சேர ஒரு ராத்திரி. சர்க்கரை வியாதி வேறு. புண் ஆறவில்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவக் குழு பார்த்து 60 விழுக்காடு என்று சான்றிதழ் கொடுத்தது. அடையாள அட்டையும் வந்தது. மஞ்சள் நிறம். 40 முதல் 80க்குள் இருப்பவர்களுக்கு மஞ்சள், 80க்கு மேல் நீலம். இதெல்லாம் ஒழுங்காகவே நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2023 பிப்ரவரியில் ஓய்வூதியத்துக்கு மனு எடுத்துப் போனார். அந்த வருடம் ஜனவரியிலிருந்துதான் தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 1000 ரூபாயிலிருந்து 1500 ஆக உயர்த்தியிருந்தது. அப்போது ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் கிடையாது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள், புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அந்த இரண்டே கால் வருடமும் செயற்கைக் கால் வைத்தவரும் சக்கர நாற்காலிக்காரரும் மாவட்டத் தலைநகரத்துக்குப் போக வேண்டுமானால் பஸ்தான். ராமேஸ்வரம் பஸ்ஸின் படிக்கட்டு எவ்வளவு உயரம் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதல் முறை மனுவையே வாங்கவில்லை. “பெருசு, உங்களுக்கு வராது. போயிட்டு வாங்க.” அவ்வளவுதான். மாமாவும் வந்துவிட்டார். இரண்டாம் முறை இ-சேவை மையத்தில் பதிவு செய்தார். ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் ‘பரிசீலனையில்’ என்றே வந்தது. ஐந்து மாதம் கழித்து நேரில் போய்க் கேட்டபோது, “அது எப்பவோ முடிஞ்சுபோச்சே” என்றார்கள். மூன்றாம் முறை முகாம் ஒன்றில் கொடுத்தார். அவரது செயற்கைக் காலைப் பார்த்துவிட்டு ஒருவர் சிரித்த முகமாகவே சொன்னாராம்: “நல்லாத்தான நடக்குறீங்க. ஒரு பெட்டிக்கடை வச்சு உக்காரலாமே.”

மாமா இதை எனக்கு போனில் சொல்லும்போது கோபப்படவில்லை. “கேட்டோம், வராதுன்டாங்க மாப்ள, விடு” என்றார். அந்த ‘விடு’தான் என்னை விடவில்லை.

*

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்த விஷயத்தில் ஒரு மனிதரின் உடம்பு முதலில் எண்ணாக மாறுகிறது, பிறகுதான் எல்லாம் தொடங்குகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்பது வாசல். தமிழ்நாட்டின் 1500 ரூபாய் ஓய்வூதியத்துக்கும் அதே 40தான். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 வேண்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 80 வேண்டும், கூடவே வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் டெல்லி தருவது மாதம் 300 ரூபாய். 2012இல் நிர்ணயித்த 300, இன்னும் 300தான்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தால் எவ்வளவு? எந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 60 அல்லது 70. அதாவது ஒரு மீனவர் ஒரு காலைப் பாதியில் இழந்தாலும் மத்திய அரசின் பார்வையில் அந்த 300 ரூபாய்க்குப் போதுமான அளவு இழக்கவில்லை. முழங்காலுக்கு மேலே போயிருந்தால்தான் 80ஐத் தொட வாய்ப்பு.

இன்னொன்று. மாமாவுக்குக் காதும் மந்தம். முப்பது வருடம் என்ஜின் பக்கத்தில் நின்றவருக்கு வேறெப்படி இருக்கும்? அதை யாரும் அளக்கவில்லை. அளந்து, 30 விழுக்காடு என்று வந்தது என்றே வையுங்கள். 60ம் 30ம் 90 என்று நீங்களும் நானும் கூட்டுவோம். அரசு அப்படிக் கூட்டாது. பெரிய எண்ணோடு, சிறிய எண்ணை 90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்து வருவதால் பெருக்கி 90ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். போட்டுப் பாருங்கள், 70 வரும். காலும் காதும் சேர்ந்து 70. இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நியாயம் உண்டு, கூட்டிக்கொண்டே போனால் நூறைத் தாண்டிவிடும் என்பதுதான் அது. ஆனால் சூத்திரத்துக்கு நியாயம் இருப்பதும், அதன் முடிவை வைத்து ஒருவரின் மாதச் சாப்பாட்டைத் தீர்மானிப்பதும் ஒன்றல்ல.

இதையெல்லாம் நான் சொல்லக் காரணம், வாசல்கள் மூன்று உயரத்தில் இருக்கின்றன என்பதைக் காட்டத்தான். 40, 75, 80. மூன்றும் வேறு வேறு திட்டங்கள், வேறு வேறு துறைகள், வேறு வேறு விண்ணப்பங்கள். இதில் எந்த வாசலில் நிறுத்தப்பட்டோம் என்பது தெரியாவிட்டால் யாரோடு வாதாடுவது?

*

சட்டத்துக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும்.

2017ஆம் ஆண்டு விதிகளில் 8ஆம் எண் படிவம் என்று ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரருக்குக் கொடுக்க வேண்டிய படிவம். இன்ன தேதியில் உங்களைப் பரிசோதித்தோம், கீழ்க்கண்ட காரணங்களால் சான்றிதழ் தர இயலவில்லை என்று தொடங்கி, காரணங்களை எழுத மூன்று இடங்கள் விட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, இந்த முடிவில் குறை இருந்தால் இன்னாரிடம் முறையிடலாம் என்று ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார்கள். யார் எழுதினார்களோ, அவர்கள் காலில் விழலாம். மறுக்கப்பட்ட மனிதருக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். சட்டத்தின் 59ஆம் பிரிவு அந்தக் கோட்டில் எழுத வேண்டிய அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது.

நான் விசாரித்த ஊர்க்காரர்களில் சான்றிதழ் மறுக்கப்பட்டவர்கள் ஏழு பேர். அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. ஏழு பேரை வைத்து மாநிலத்தைப் பற்றிப் பேச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

சரி, அது சான்றிதழுக்கு. ஓய்வூதியத்துக்கு? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் நமக்கு மனு போடுவதுதான் நினைவுக்கு வரும். அதன் 4ஆம் பிரிவில் யாரும் படிக்காத ஒரு வரி இருக்கிறது. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மனு போட்டால் என்று இல்லை. தானாகவே.

உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கு. பேச்சுக் குறைபாடு உள்ள மகாராஷ்டிர மாணவர் ஒருவர் தனக்கு மறுக்கப்பட்ட மருத்துவப் படிப்பு இடத்துக்காகப் போனது. விழுக்காட்டு எண்ணை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்க முடியாது என்றது நீதிமன்றம். கூடவே, தகுதியில்லை என்று ஒரு குழு முடிவு செய்தால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னது. படிப்புக்கான குழுவைப் பற்றிய தீர்ப்புதான் அது. ஆனால் மருத்துவம் படிக்க வந்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், சோற்றுக்கு வந்தவருக்குச் சொல்ல வேண்டாம் என்று யாராவது வாதிடத் தயாரா?

*

‘இத்தனை லட்சம் பேருக்கு எப்படிப்பா எழுதிக் கொடுக்கிறது, ஆள் இல்லை’ என்பது வழக்கமான பதில். இதை நான் நம்பியிருப்பேன், 2023 செப்டம்பர் வராமல் இருந்திருந்தால்.

அந்த மாதம் 15ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. வந்த விண்ணப்பங்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சம் பேர். மீதிப் பேருக்கு என்ன ஆனது? செல்போனில் குறுஞ்செய்தி போனது. ஏன் நிராகரிக்கப்பட்டது என்று காரணம் சொன்னார்கள். 30 நாளைக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். குறுஞ்செய்தியில் சொன்ன காரணம் எல்லோருக்கும் சரியாக இருந்ததா என்பது வேறு விஷயம். காரணம் இருந்தது. நாள் கணக்கு இருந்தது. போய் நிற்க ஒரு கதவு இருந்தது.

ஆக இந்த அரசுக்கு ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் காரணத்தோடு ‘இல்லை’ சொல்லத் தெரியும். சில நாட்களில் சொல்லத் தெரியும். அதே இ-சேவை, அதே வருவாய்த் துறை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் மொத்தமே 12 லட்சத்துக்குள். முடியாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை, அதனால் செய்யவில்லை.

நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். எங்கள் வேலையில் ஒரு ப்ரோகிராம் தோற்கலாம், தப்பில்லை. ஆனால் தோற்றால் சத்தம் போட வேண்டும். எரர் மெசேஜ் காட்ட வேண்டும், லாக்கில் ஒரு வரி எழுத வேண்டும். சத்தமே போடாமல் தோற்றுவிட்டு, வெளியே ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று காட்டும் ப்ரோகிராமைத்தான் நாங்கள் ரொம்பப் பயப்படுவோம். அப்படி ஒன்றை நான் எழுதிக் கொடுத்தால் என் டீம் லீட் கோட் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பீட்சா டெலிவரிக்கு நாங்கள் ஏற்றுக்கொள்ளாத ஒன்றை, ஒரு கால் இல்லாத மனிதரின் ஓய்வூதியத்துக்கு ஐந்து மாதம் ஓட விட்டிருக்கிறார்கள்.

*

2024 மார்ச்சில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டோம். கேட்டது ஒன்றே ஒன்று: இந்த எண்ணுள்ள விண்ணப்பத்தின் மீது எழுதப்பட்ட குறிப்பின் நகல் வேண்டும்.

சட்டம் சொல்வது 30 நாள். வந்தது மே மாதக் கடைசியில். ஒரே ஒரு தாள். அதில் ஒரே ஒரு வரி. விண்ணப்பதாரரின் ஊனம் 80 விழுக்காட்டுக்குக் குறைவாக உள்ளதால் பரிந்துரைக்கப்படவில்லை.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. 80 என்பது டெல்லித் திட்டத்தின் வாசல். மாமா கேட்டது 40 வாசலில். யாரோ ஒருவர், ஏதோ ஒரு மதியம், இரண்டு திட்டங்களைக் குழப்பிக்கொண்டு ஒரு வரி எழுதிவிட்டார். வேலை நெருக்கடியில் யாருக்கும் வரக்கூடிய தவறு. எனக்கு வாரத்துக்கு நாலு வருகிறது. வித்தியாசம் என்னவென்றால், என் தவறை மறுநாள் காலையில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும். இந்தத் தவறு கோப்புக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

மேலதிகாரிக்கு மனு எழுதினோம். அரைப் பக்கம். அவர்கள் எழுதிய வரி, திட்டத்தின் விதி, மாமாவின் 60 விழுக்காட்டுச் சான்றிதழ். வேறு எதுவும் இல்லை. அழுகை இல்லை, ‘ஐயா தாங்கள் கருணை கூர்ந்து’ இல்லை. மாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “இப்படி வெறைப்பா எழுதுனா எப்பிடிக் குடுப்பாங்க?” என்றார். அக்டோபரில் ஆணை வந்தது. நவம்பரில் முதல் பணம்.

முதல் மனு கொடுத்த பிறகு வந்த 2023 மார்ச்சிலிருந்து எண்ணினால், போனது 20 மாதம். 30,000 ரூபாய். நிலுவை கிடையாது, ஆணை பிறந்த தேதியிலிருந்துதான் பணம். அந்த 20 மாதத்தில் பாசி எடுக்கப் போகிற அத்தை தண்டல்காரரிடம் வாங்கிய கடனுக்கு இன்றைக்கும் வட்டி கட்டுகிறார். தப்பு அரசாங்கத்துடையது, வட்டி அத்தையுடையது.

*

ஆணை வந்த பிறகு அந்த வட்டாரத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனிதர். ‘ஏன் சார், அந்த ஒரு வரியை முதலிலேயே கையில் கொடுத்திருக்கலாமே’ என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன்.

“எழுதிக் குடுத்தா அது ஆர்டர் ஆயிரும் தம்பி. ஆர்டர்னா அப்பீல் போவாங்க. அப்பீல்ல தப்புன்னு வந்தா எனக்கு மெமோ. வாயால சொன்னா ஒண்ணுமில்ல.”

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. எழுதாமல் விடுவது மறதியால் நடப்பதில்லை. சோம்பலாலும் இல்லை. அது ஒரு தற்காப்பு. எழுதினால் பொறுப்பு எழுதியவர் தலையில். சொன்னால் அலைச்சல் கேட்டவர் தலையில். வாய்ச்சொல்லால் ஒருவரைத் திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு முறையும் மெமோவின் சுமை அதிகாரியின் தோளிலிருந்து இறங்கி, அந்தப் பஸ் படிக்கட்டில் ஏற முடியாதவரின் தோளில் ஏறுகிறது.

போலிச் சான்றிதழ்க்காரர்களைப் பற்றிக் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். 2024இல் பயிற்சியில் இருந்த ஐஏஎஸ் அதிகாரி ஒருவரின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றிக் குற்றச்சாட்டு எழுந்து நாடே பேசியது. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன? கேள்வி எழுந்தபோது எடுத்துப் பார்க்கத் தாள்கள் இருந்தன என்பதுதான். ஏமாற்றுகிறவரைப் பிடிக்கவும் காரணம் எழுதிய காகிதம்தான் வேண்டும். வாயால் கொடுக்கிற, வாயால் மறுக்கிற இடத்தில் லாபம் யாருக்கு? ஆள் தெரிந்தவருக்கு. பாம்பன் தெருவில் ஒரு காலோடு நிற்கிறவருக்கு எந்த ஆளையும் தெரியாது.

இன்னொரு வாதம்: உதவித்தொகை என்பது அரசின் கருணை, கருணைக்கு எதற்குக் காரணமும் மேல்முறையீடும்? இந்த நினைப்பு அதிகாரிகளிடம் மட்டும் இல்லை. மாமாவிடமும் இருக்கிறது. அதனால்தான் அந்த ‘விடு’. ஆனால் சட்டம் இதைக் கருணை என்று சொல்லவில்லை. 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்கான இதே போன்ற திட்டத்தில் கொடுப்பதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டிலிருந்து முதியோர் ஓய்வூதியம் 1200. அதில் கால் பங்கு 300. கூட்டினால் 1500. ஒரு ரூபாய் கூட இல்லை, ஒரு ரூபாய் குறையவும் இல்லை. சட்டம் எவ்வளவு குறைந்தபட்சம் கேட்கிறதோ அவ்வளவுதான் அந்தத் தொகை. கருணை என்றால் இவ்வளவு கச்சிதமாக அளந்து ஊற்ற மாட்டார்கள்.

*

எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. பிரிட்டனைப் பாருங்கள். அங்கே மறுப்பு தபாலில் வருகிறது, பக்கம் பக்கமாகக் காரணத்தோடு. ‘ஐ, டேனியல் பிளேக்’ என்று கென் லோச் 2016இல் ஒரு படம் எடுத்தார், கானில் தங்கப் பனை விருது வாங்கியது. மாரடைப்பு வந்த தச்சர் ஒருவருக்கு 15 புள்ளி வேண்டிய இடத்தில் 12 புள்ளி போட்டு, நீ வேலை செய்யத் தகுதியானவன் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மேல்முறையீட்டு விசாரணை நாளன்றே அவர் செத்துப்போகிறார். கடிதம் எழுதத் தெரிந்த அரசும் மனிதனைக் கொல்லும்.

ஆனால் அதே நாட்டில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வழக்குகள் தீர்ப்பாயம் வரை போனால் பாதிக்கும் மேல் விண்ணப்பித்தவர் பக்கமே முடிகின்றன. அப்படியென்றால் முதல் முடிவுகள் எவ்வளவு தப்பு என்று அந்த நாடே எண்ணிப் பார்க்க முடிகிறது, பத்திரிகைகள் எழுத முடிகிறது, லோச் போன்ற ஒருவர் படம் எடுக்க முடிகிறது. நம் ஊரில் எத்தனை பேர் தவறாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்? மாமாவின் முதல் மனுவும் மூன்றாம் மனுவும் எந்தக் கணக்கிலும் இல்லை. காகிதத்தில் நடக்காத மறுப்பைப் புள்ளிவிவரமும் எண்ணாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆந்திரா போதும். 2024 ஜூலையிலிருந்து அங்கே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6000 ரூபாய். தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி சங்கங்கள் தெருவில் உட்கார்ந்து கேட்பது அதைத்தான். 2025இல் அங்கே மறுபரிசோதனை என்று தொடங்கி, பலருக்கு ஓய்வூதியத்தை நிறுத்துவதாக நோட்டீஸ் போனது. பெரிய அநியாயம் என்று எதிர்ப்பு எழுந்தது, மேல்முறையீட்டுக்கு வழி விட்டார்கள். நான் கவனித்தது ஒன்றைத்தான்: அவர்கள் கையில் நோட்டீஸ் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டித்தான் போராடினார்கள். மாமா எதைத் தூக்கிக் காட்டியிருப்பார்?

நமக்குக் கதைக்குக் குறைவில்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. மாவட்டங்களில் மனுநீதி நாள் முகாம் நடத்துகிறார்கள். சின்ன வயதில் அந்தக் கதையில் எல்லோரும் தேர்க்காலைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு இப்போது அந்த மணிக் கயிறுதான் கண்ணில் படுகிறது. ஒரு பசு போய் இழுக்க முடிந்தது என்றால், அது எட்டுகிற உயரத்தில் கயிறு தொங்கியிருக்க வேண்டும். காவலாளி ‘உனக்கு வராது, போ’ என்று அதைத் திருப்பி விரட்டாமல் இருந்திருக்க வேண்டும். நீதி அதற்குப் பிறகுதான். இன்றைக்குக் கயிறு எங்கே தொங்குகிறது? பொதுக் கட்டடங்கள் எல்லாம் 5 ஆண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் வந்து போகும்படி மாற்றப்பட வேண்டும் என்று சட்டம் சொன்ன கெடு 2022 ஜூனோடு முடிந்தது. மாமா மூன்று முறை ஏறி இறங்கிய கட்டடத்துக்குச் சாய்தளம் இல்லை. கைப்பிடியும் ஒரு பக்கம்தான்.

*

என்ன செய்யலாம்? மத்தியப் பிரதேசம் 2010இல், பீகார் 2011இல், கேரளம் 2012இல் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்தன. இன்ன சேவையை இத்தனை நாளில் கொடுக்க வேண்டும், மறுத்தால் மேல்முறையீடு உண்டு, தாமதித்தால் அதிகாரிக்கு அபராதம். சமூக நீதியில் எல்லோருக்கும் முன்னோடி என்று சொல்லிக்கொள்கிற தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பீகாரைப் பார்த்துச் சிரிக்கிற நாம் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்த அரசு இது. நல்ல காரியம். அந்த உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டியதும் இந்த ஒரு தாளைத்தான்.

சட்டம் வரும் வரைக்கும்? இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் என்னைப் போல எழுத்தை நேசிக்கிறவர்கள். கவிதை, கதை, மொழிபெயர்ப்பு என்று ஏதாவது எழுதிப் பார்த்தவர்கள். ஆட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருபவர்களை நாம் எழுத்தாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் என் வாழ்நாளில் நான் எழுதியதில் யாருக்காவது உருப்படியாகப் பயன்பட்டது அந்த அரைப் பக்க மேல்முறையீடு ஒன்றுதான். உங்கள் தெருவில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருக்கு உங்கள் கண்ணீர் வேண்டாம். 10 ரூபாய் ஸ்டாம்பும், ‘குறிப்பின் நகல் வேண்டும்’ என்ற ஒரு வரியும் போதும்.

அதையும் சொல்லிவிட்டு எனக்கே கூசுகிறது. ஏனென்றால் மாமாவுக்குக் கிடைத்தது அவருக்கு உரிமை இருந்ததால் இல்லை, லேப்டாப் வைத்த மருமகன் இருந்ததால். மருமகன் இல்லாதவர் என்ன செய்வார்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தார்கள், மாமாவும் துணைக்குப் போயிருந்தார். “வராதுங்குறாங்க” என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். மாமா செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

“நான் கேட்டுட்டேன் மாப்ள” என்றார்.

“என்ன கேட்டீங்க?”

“வராதுங்குறதை எழுதிக் குடுங்கன்டேன்.”

“எழுதிக் குடுத்தாங்களா?”

“இல்ல. உக்காருங்கன்டாங்க. மனுவை வாங்கிக்கிட்டாங்க.”